காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே,

உங்கள் கையில் ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். பாடத்துக்கான யோசனைகளை இணையத்தில் எந்தெந்தத் தேடுகருவியில் தேடினீர்கள், என்ன கேட்டுத் தேடினீர்கள், கிடைத்ததை வகுப்பில் எவ்வாறு பயன்படுத்தினீர்கள் என்று மூன்று பத்திகள். கருவிகள் மூன்றுக்குக் குறையக் கூடாது என்பதால் வரிசைகளும் மூன்று. கீழே ஒப்பமிட ஓர் இடம். என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் அந்தப் படிவம் எங்கள் பள்ளிக்கு வந்தது. அதற்கு முன்பு வந்த படிவங்கள் அனந்தம். அவற்றின் பெயர்கள்கூட இப்போது நினைவில் இல்லை. எத்தனை நிரப்பினோம், யார் படித்தார்கள், எந்த அலமாரியில் அவை மக்கின என்று எண்ணிப் பார்க்கவும் அலுப்பாக இருக்கிறது. இந்த ஒரு படிவம் மட்டும் என்னை விடவில்லை. அதிலும் ஒரு கட்டம்.

புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அறிவுரை சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் சொல்லியாயிற்று. கேட்டவர்கள் என்னைவிட நன்றாகவே வாழ்கிறார்கள், கேட்காதவர்களும் அப்படியே. ஆகையால் நான் செய்த ஒரு பிழையை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியன். புதுச்சேரி நகரின் வடபுறத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர் மாற்றலாகிப் போன பிறகு புதியவர் வரவில்லை; மூத்தவன் என்பதால் அந்தப் பொறுப்பையும் என் தோளில் ஏற்றினார்கள். முத்தியால்பேட்டைப் பிள்ளைகளும் குருசுக்குப்பத்துப் பிள்ளைகளும் எங்களிடம் படித்தார்கள். சாரம் பகுதியிலிருந்து சைக்கிளில் வருவோரும் சிலர் உண்டு.

தலைமையாசிரியர் அறையில் ஒரு கணினி இருந்தது. ஆயுத பூஜையன்று இட்ட சந்தனப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரை அதன் நெற்றியில் காய்ந்துகிடக்கும். அந்தப் படிவத்தோடு சுற்றறிக்கை வந்த வாரம் அதன் முன்னே ஆசிரியர்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். கணக்காசிரியர் தேடும் கட்டத்தில் ‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி ஒரு விண்ணப்பமே தட்டச்சு செய்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “மரியாதையாக் கேட்டாத்தான சார் குடுக்கும்” என்றார். பிரெஞ்சு கற்பித்த அம்மையார் நிலத்தடி நீர் பற்றிய ஒரே கேள்வியை மூன்று மொழிகளில் இட்டுப் பார்த்தார். பிரெஞ்சில் கேட்டபோது அந்த நாட்டுச் சிற்றூர்களின் கிணறுகளும் வரைபடங்களும் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது வண்ண வண்ணப் பயிற்சித் தாள்கள் வந்தன. தமிழில் கேட்டபோது போட்டித் தேர்வுக் குறிப்புகளும் வீட்டுமனை விளம்பரமும் வந்தன. “எல்லா ஊரும் வருது சார், நம்ம ஊரத் தவிர” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவர் சிரிக்கவில்லை. களைத்துப் போயிருந்தார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். பாடம் நடத்தி, சத்துணவு பார்த்து, வருகைப் பதிவை மூன்று இடங்களில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு தேடல்.

அந்த அலுப்புக்குள் நாலு நாள் மதிய இடைவேளையையும் விட்டுக்கொடுத்து உண்மையாகத் தேடியவர் ஒருவர்தான். சபீரா டீச்சர். இப்போது உங்களுக்குப் பயிற்சி நடத்துகிறாரே, அவரேதான். அன்று அவர் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்த ஒப்பந்த ஆசிரியர். தலைமுறைகளாக இந்த நகரில் வணிகம் செய்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவரின் கடை மூடிய பிறகு அவருடைய வேலையை நம்பித்தான் அந்த வீடு இருந்தது. ஒப்பந்தம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த ஆண்டு, வகுப்பைப் பார்வையிட வரும் அலுவலர் எழுதும் குறிப்பைக் கொண்டே அது முடிவாகும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தப் படிவம் எங்களுக்கு இன்னொரு காகிதம். அவருக்கோ அடுத்த ஆண்டின் அடுப்பு.

பாடத்தின் பெயர் ‘நம் தண்ணீர்’. எல்லோரும் பயன்படுத்தும் தேடுபக்கத்தில் அவருக்கு ஒரு சோதனை கிடைத்தது. பாட்டிலில் தண்ணீரும் சிறிது சோப்புச் சீவலும் இட்டுக் குலுக்கினால், உப்பும் சுண்ணமும் மிகுந்த தண்ணீரில் நுரை வராது; நல்ல தண்ணீரில் திரண்டு நிற்கும். எங்கோ குளிர்நாட்டில் ஓர் ஆசிரியர் செய்தது. சபீரா டீச்சர் அதை நம் ஊருக்குத் திருப்பினார். பிள்ளைகள் தத்தம் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும், பாட்டிலின் மேல் தெருப் பெயர் எழுத வேண்டும். படிவத்தின் முதல் வரிசை அது. காணொளிகளைத் தேடித் தரும் கருவியில், மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதைக் காட்டும் சிறு படம் ஒன்று கிடைத்தது. அது இரண்டாம் வரிசை.

மூன்றாவது, கேட்டால் மனிதர் எழுதுவதுபோல வாக்கியம் வாக்கியமாகப் பதில் எழுதும் செயலி. ‘எங்கள் ஊர்த் தண்ணீரின் பழைய கதை’ என்று கேட்டதாக எழுதியிருந்தார். அதற்கு எதிரே இருந்த கடைசிக் கட்டம் காலி.

பார்வையிட அலுவலர் வருவதற்கு முந்தின நாள், பள்ளி விடும் வேளையில் கோப்பை என்னிடம் கொண்டுவந்தார். நான் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“அதுகிட்ட ரெண்டு தடவ கேட்டேன் சார். ரெண்டு வெதமா சொல்லுது. முதல்ல ஒரு கிணத்தச் சொல்லிச்சு, அப்பறம் கேட்டா அந்தக் கிணறே இல்ல. அத எப்படிப் பிள்ளைங்களுக்குச் சொல்றது? அதான் எழுதாம உட்டுட்டேன்” என்றார்.

காலியாக விடக் கூடாது என்றேன். அரசுப் பணியில் நான் முதல் வாரத்தில் கற்றதும் கடைசி வாரம் வரை கைவிடாததும் அதுதான்: படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வேலை செய்யவில்லை என்று பொருள். ‘பயன்படவில்லை’ என்று எழுதிவிடவா என்று கேட்டார். அது சோம்பல்போலத் தெரியும் என்றேன். இப்போது எண்ணிப் பார்த்தால், அந்தப் பள்ளியில் அந்த மாதம் எழுதப்பட்ட ஒரே உண்மையான தேடல் முடிவு அந்தக் காலிக் கட்டம்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள், நீங்கள் பார்த்து என்ன சொல்கிறீர்களோ அதைக் காலையில் வந்து எழுதிவிடுகிறேன் என்று சொல்லிக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு உதவ வேண்டும் என்றுதான் கணினியின் முன் உட்கார்ந்தேன். ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி அதே கேள்வியை இட்டேன். வந்த பதில் சப்பென்று இருந்தது. எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் இன்னொன்று கேட்டேன்: இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பழைய பக்திப் பாடல் ஏதேனும் உண்டா?

உண்டு என்றது அது. நகரின் வடபுறத்தில் ஒரு கோயில் குளம் இருந்ததாம். ஊர் முழுதும் அதன் தண்ணீரைக் குடித்ததாம். கடல் இத்தனை அருகில் இருந்தும் அந்தக் குளத்தை உப்பு தீண்டாதது பெருமாளின் அருள் என்று அடியவர் ஒருவர் பாடியிருக்கிறாராம். பாட்டையும் தந்தது, நான்கு அடி. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாரேனும் வகுப்பில் சொல்லிவிடுவீர்கள்; அவ்வளவு இனிமையாக இருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாசுரங்கள் எனக்கு மனப்பாடம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பதினெட்டு வயது முதல் கோயிலில் பாராயண கோஷ்டியில் நிற்கிறவன். முதலடி சொன்னால் மிச்சம் தானாக நாவில் வரும். அந்த நான்கு அடிகள் நான் ஓதிய எதிலும் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மனம் உடனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தது: நான் படிக்காத தலபுராணம் ஏதேனும் ஒன்றில் இருக்கும். ஏன் அப்படி நினைத்தேன்? அந்தப் பாட்டு எனக்கு வேண்டியிருந்தது. நான் பிறந்த ஊரில், என் பெருமாளின் பெயரால், உப்பேறாத ஒரு குளம் எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் கருவி பொய் சொன்னது என்று சொல்வது எளிது. நான் எதைக் கேட்க ஆசைப்பட்டேனோ அதையே அது தந்தது. டீச்சர் இரண்டு முறை கேட்டபோது அது இரண்டு விதமாகச் சொன்னதே, அதை அவர் என்னிடம் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

குளத்தையும் பாட்டையும் அந்தக் கட்டத்தில் என் கையால், அழகாக, எழுதினேன். காலையில் அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று கோப்பை மூடினேன்.

கோஷ்டியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓதும்போது அடி மறந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கூட நிற்பவர்கள் ஓதிக்கொண்டு போவார்கள். நினைவு வரும் இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். மறந்த இடத்தைச் சொந்தச் சொல்லால் நிரப்புவது பெரும் அபசாரம். இளைஞனாக இருந்தபோது ஒரு மார்கழி விடியலில் நான் அப்படி நிரப்பினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோஷ்டி நின்றது. மறுபடியும் அந்தப் பாசுரத்தின் தொடக்கத்துக்குப் போய், அத்தனை பேரும் முதலிலிருந்து ஓதினார்கள். என் காதுமடல் சுட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. கோயிலுக்குள் நாற்பது ஆண்டு கடைப்பிடித்த ஒன்றை, பள்ளி மேசையில் ஒரு மாலைப்பொழுதுக்குக் கடைப்பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. அது வேறு உலகம், இது வேறு உலகம் என்று வைத்திருந்தேன் போலும்.

மறுநாள் அலுவலர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டார். பிரார்த்தனைக் கூட்டம் கலைந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கோப்பு என் மேசையிலிருந்து நேரே அவர் கைக்குப் போயிற்று. சபீரா டீச்சரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இரண்டு நிமிடம் கிடைத்தது, அதில் அலுவலருக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வகுப்பு நன்றாக நடந்தது. முன்மேசையின் மேல் பாட்டில்கள் தெருவாரியாக நின்றன. டீச்சர் சோப்பைச் சீவிப் போட, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குலுக்கினார்கள். முத்தியால்பேட்டைப் பாட்டிலில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நுரை நின்றது. சாரத்துப் பாட்டிலில் ஒரு விரற்கடை. குருசுக்குப்பத்திலிருந்து வந்த பெண் கை ஓயக் குலுக்கியும் ஒன்றும் வரவில்லை. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மட்டும் மிதந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் சளைக்கவில்லை.

“எங்க வீட்ல சோப்பு என்னமோ சீக்கிரம் கரைஞ்சிடும் மிஸ், நுரைதான் வராது. எங்கம்மா சோப்பத் திட்டும். நாங்க தண்ணியத் திட்டுவோம்.”

“இனிமே யாரத் திட்டணும்னு அம்மாகிட்ட நீயே சொல்லு” என்றார் டீச்சர். அலுவலரும் சிரித்தார். நான் வாசற்படியருகே நின்றிருந்தேன். எனக்கும் நிறைவாக இருந்தது. பிள்ளைகளை, பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிவிட்டு டீச்சர் மேசையருகே நின்றார். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலுவலர் கோப்பைத் திறந்தார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூன்றாவதில் அவர் விரல் நின்றது. எழுந்து முன்மேசைக்கு வந்தார்.

“இந்தக் குளம் எங்க இருக்கு டீச்சர்?”

“எந்தக் குளம் சார்?”

அவர் கோப்பைத் திருப்பி வைத்தார். “நான் முத்தியால்பேட்டையிலேயே பொறந்து வளந்தவன். ஊரே குடிச்ச குளம்னு போட்டிருக்கீங்க. எங்க வீட்ல யாரும் சொல்லிக் கேட்டதில்ல. சரி, பாட்டு எந்த நூல்ல இருக்கு?”

சபீரா டீச்சர் குனிந்து படித்தார். அந்தப் பள்ளியில் என் கையெழுத்து தெரியாதவர் இல்லை. கரும்பலகையில் நாளும் காண்கிற எழுத்து. அவர் படித்து முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. சொல்லுங்கள் என்ற பார்வை.

இந்த இடத்தில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘நான் எழுதியது’ என்று சொல்ல இரண்டு சொற்கள் போதும். எனக்குப் பதினான்கு மாதத்தில் ஓய்வு. ஒப்பந்தம் இல்லை, புதுப்பிக்க எதுவும் இல்லை. இழக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை, ஒன்றைத் தவிர: ஒரு பாட்டில் ஓரெழுத்து பிறழ்ந்தாலும் கண்டுபிடிக்கிறவர் என்ற பெயர். வகுப்பு நிறைய பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய செய்யுளில் பிழை கண்டு நான் எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்திருப்பேன்! அவர்கள் முன்னால் வேண்டாம், அலுவலரைத் தனியே பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சில நொடிகள் பேசாமல் நின்றேன்.

“சரிபாக்காம வந்துடுச்சு சார். தப்புதான்” என்றார் சபீரா டீச்சர்.

அவர் சொன்னதைக் கவனியுங்கள். தாம் எழுதியதாக அவர் சொல்லவில்லை. அவர் நாவில் பொய் வரவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

“அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்லல. ஆனா எழுதினா ஆதாரம் வேணும்ல டீச்சர்” என்று அலுவலர் மென்மையாகத்தான் சொன்னார். பின்பு பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதினார்.

அவர் வண்டியை எடுக்கும்போது வாயிலில் போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. எழுதியது நான், டீச்சருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தவர் கழற்றினார்.

“ஒரே தாள்ல ரெண்டு கையெழுத்து இருக்கறது எனக்குத் தெரியாதா சார்? உங்களப் பாத்துக்கிட்டேதான் கேட்டேன்.”

தலைக்கவசத்தை வண்டியின் மேல் வைத்தார்.

“அங்க நீங்க வாயத் தெறந்திருந்தா நான் ஒண்ணும் எழுதியிருக்க மாட்டேன். சிரிச்சிட்டுப் போயிருப்பேன். அவங்க ஒத்துக்கிட்டாங்க, எழுதிட்டேன். இப்ப நீங்க ஒத்துக்கறதா இருந்தா எழுத்துல குடுங்க.”

எழுதியதை அடிக்க முடியாதா என்று கேட்டேன். கோப்பில் ஏறியதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது, இன்னொரு தாளைப் பின்னால் சேர்க்கலாம், அவ்வளவுதான் என்றார். அந்த விதி எனக்குத் தெரியாததில்லை. நானே பலருக்குச் சொன்னதுதான்.

அன்று மதியமே கடிதம் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, ஒப்பமிட்டு, நானே அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஆசிரியர் அறையில் கணக்காசிரியர் குரல் கேட்டது. நல்ல மனிதர், யோசிக்காமல் பேசிவிடுவார். “நம்ம கோயில் பாட்டெல்லாம் அவங்க ஏன் தொடணும்? தெரியாத விஷயத்துல கைய வெச்சா இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சபீரா டீச்சர் அங்கே இல்லை; ஆனால் அந்தப் பேச்சு அதற்கு முன்பே அவர் காதுக்கும் போயிருந்தது என்று பின்னால் தெரிந்தது. என் மௌனத்தால் அவருடைய ஒப்பந்தம் மட்டும்தான் ஆட்டம் காணும் என்று நினைத்திருந்தேன். அவர் யார், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்கிற பேச்சையும் அது கிளப்பிவிட்டது. அந்தப் பாட்டை வேண்டிக் கேட்டவன் நான்; கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவன் நான். அறைக்குள் போய், எல்லோரும் இருக்கையில், எழுதியது நான் என்று சொன்னேன். இந்த முறை இரண்டு சொற்கள்தான் ஆயிற்று. கணக்காசிரியர் தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்களா சார்?” என்றார். பிரெஞ்சு அம்மையார் எழுந்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. மற்ற ஒப்பந்த ஆசிரியர்களுக்கு ஆணை வந்தது, அவருக்கு வரவில்லை. என் கடிதம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆணை இல்லாமல் வகுப்புக்கு வரக் கூடாது. நான் வாரத்துக்கு இரண்டு முறை அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் படிக்கட்டு என் முழங்காலுக்குப் பழகிப்போயிற்று. எட்டாம் வகுப்புக்கு ஏறிவிட்ட குருசுக்குப்பத்துப் பெண் ஒரு நாள் என் வகுப்பில் எழுந்து, “சமூக அறிவியல் மிஸ் எப்ப சார் வருவாங்க? எங்கம்மா கேக்கச் சொல்லிச்சு” என்றாள். செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த அடி நாவில் வரவில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தேன்.

ஆகஸ்டு கடைசியில் ஆணை வந்தது. சபீரா டீச்சர் மறுபடி வந்தார். என்னிடம் எப்போதும்போலவே பேசினார். பிற்பாடு நிரந்தரப் பணியும் கிடைத்தது. ஆனால் ‘தகவலைச் சரிபார்ப்பதில் கவனக்குறைவு’ என்ற அந்த ஒற்றை வரி அவருடைய கோப்பில் இன்றும் இருக்கிறது. என் கடிதம் அதன் பின்னால் இருக்கிறது. திறக்கிறவர் முதலில் வரியைப் படிப்பார். பக்கத்தைத் திருப்புகிற பொறுமை இருந்தால் கடிதத்தையும் படிப்பார். எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும் என்பதை என்னைப்போல நீங்களும் போகப்போக அறிவீர்கள்.

தேடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இன்று இருப்பவை நான் கண்டவற்றைவிடப் பன்மடங்கு திறமானவை என்கிறார்கள்; இருக்கலாம். வந்த பதில் சப்பென்று இருந்தால் அதனால் பெரிய தீங்கில்லை. உங்கள் ஊரையும் உங்கள் குலத்தையும் உங்கள் தெய்வத்தையும் தடவிக்கொடுத்துக்கொண்டு ஒரு பதில் வந்தால், அப்போது கையை எடுத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வந்து மறுபடி கேளுங்கள். மாறிச் சொன்னால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். பார்வையிட வருகிறவர் ஏன் காலி என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கும். நிரப்பிய கட்டத்துக்கு என்னிடம் இருக்கவில்லை. கருவியைப் பற்றி இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மற்றது கருவியைப் பற்றியது அல்ல. பிழையை ஒத்துக்கொள்ளத் தக்க இடம், அது கேட்கப்பட்ட இடம்தான். வாயிலில் சொல்வதும் கடிதத்தில் எழுதுவதும் பின்னால் சேர்க்கிற தாள்.

இதை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன்பு சபீரா டீச்சரிடம் படித்துக் காட்டினேன். அவர் பெயரை எழுதலாமா என்றும் கேட்க வேண்டியிருந்தது. தாராளமாக எழுதுங்கள் என்றார். முழுதும் கேட்டார். ஒரு பிழை இருக்கிறது, சொல்லலாமா என்றார். சொல்லுங்கள் என்றேன்.

“சில நொடின்னு எழுதியிருக்கீங்க சார். நான் உங்களப் பாத்துட்டு, அப்பறம் பாக்கறதுக்கு எடம் இல்லாம அந்த முத்தியால்பேட்டை பாட்டிலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு விரக்கட இருந்த நுரை ஒரு விரக்கடயா எறங்கற வரைக்கும் நீங்க பேசல.”

எழுதியதை அடிக்கவில்லை. மேலே அது அப்படியே இருக்கிறது. அவர் சொன்னதை இங்கே பின்னால் சேர்த்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி.